சூடான் 1884: மேசைப் போர் விளையாட்டுக்கு மினியேச்சர் வீரர்களைச் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு தம்பி மூன்று பெட்டி மினியேச்சர்களை மேசையில் பரப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு பெட்டியில் 1898-இல் ஓம்துர்மானில் நின்ற காக்கி உடைப் படை, இன்னொன்றில் 1884-இன் கில்ட் (மடிப்பு வைத்த ஸ்காட்லாந்துப் பாவாடை) கட்டிய ஹைலாண்டர்கள் என்ற ஸ்காட்லாந்து வீரர்கள், மூன்றாவதில் ஒட்டுப்போட்ட ஜிப்பா அணிந்த மஹ்தி படையினர். எல்லாமே அருமையான உருவங்கள்தான், ஆனால் மூன்றையும் ஒரே சண்டையில் இறக்க வழியில்லை. செலவான பணத்துக்கு அவர் ஒரு முழுப் படையையே முடித்திருக்கலாம்.

காலனிய காலப் போர்களில் எதை எடுத்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. நான் நன்றாக அறிந்த சூடான் போரை வைத்தே சொல்கிறேன். சூடானில் மஹ்தி என்ற மதத் தலைவரைப் பின்பற்றியவர்களோடு எகிப்திய, பிரிட்டிஷ் படைகள் மோதிய போர் அது. படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், ஏனென்றால் முந்தைய படியில் கிடைக்கும் விடையை வைத்துத்தான் அடுத்த படியில் எதை வாங்குவது என்று தெரியும். இப்போதைக்கு ஒரு நோட்டும் ஒரு ஸ்கேலும் போதும்.

1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

"சூடான் போர்" என்று நோட்டில் எழுதினால் போதாது. 1883 நவம்பரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹிக்ஸ் நடத்திச் சென்ற எகிப்தியப் படை ஷைக்கானில் அழிந்தது. 1884 பிப்ரவரி 29 எல் டெப், மார்ச் 13 தமாய். 1885 ஜனவரி 17 அபு கிளேயா, மார்ச் 22 தோஃப்ரெக், டிசம்பர் 30 கின்னிஸ். அப்புறம் நீண்ட இடைவெளிவிட்டு 1898 செப்டம்பர் 2 ஓம்துர்மான். இவற்றில் ஒன்றை நாளோடு எழுதுங்கள். நாள் தெரிந்தால்தான் உடை, துப்பாக்கி, எதிரே நிற்பவர் யார் என்பதெல்லாம் தெரியவரும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது தமாய். பிரிட்டிஷ் படை இரண்டு பெரிய சதுரங்களாக (நான்கு பக்கமும் வெளிநோக்கி நிற்கும் அணிவகுப்பு) முன்னேறியது, அதில் ஒன்று உடைந்தது, கடற்படையினரின் எந்திரத் துப்பாக்கிகள் கொஞ்ச நேரம் எதிரியின் கைக்குப் போய்த் திரும்பின. இரண்டு பக்கமும் வெல்ல வாய்ப்புள்ள சண்டை, அதனால் விளையாட நன்றாக இருக்கும்.

அன்று பிரிட்டிஷ் காலாட்படையின் கையில் இருந்தது ஒரு நேரத்தில் ஒரு குண்டு மட்டும் போடும் மார்ட்டினி ஹென்றி. எகிப்திலிருந்து வந்த பட்டாளங்கள் சாம்பல் நிற உடையில் இருந்தார்கள், இந்தியப் பக்கமிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது வழியில் இறக்கப்பட்ட சிலர் காக்கியில். பிளாக் வாட்ச், கார்டன் ஹைலாண்டர்கள் இருவரும் கில்ட்டில். கடற்படையினரிடம் இருந்தவை கேட்லிங்கும் கார்ட்னரும். இங்கேதான் பலர் மாக்ஸிம் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மாக்ஸிமும், காலாட்படையின் லீ மெட்ஃபோர்ட் துப்பாக்கியும் 1898-க்கு உரியவை.

2. எதிரே நிற்பவர்கள் யார் என்று பாருங்கள்

இந்தத் தவறு உடைத் தவறைவிடப் பெரியது, அதைவிட அதிகமாகவும் நடக்கிறது. மஹ்தியின் ஆட்கள் என்றதும் எல்லாருக்கும் ஒட்டுப்போட்ட ஜிப்பாதான் நினைவுக்கு வருகிறது. அது நைல் பக்கத்து, மேற்குப் பக்கத்து அன்சார்களின் (மஹ்தியைப் பின்பற்றிய வீரர்கள்) உடை. அபு கிளேயாவுக்கு அது சரி. தமாயில் எதிரே நின்றவர்கள் செங்கடல் மலைப்பகுதியின் பேஜா மக்கள், தலைவர் ஒஸ்மான் டிக்னா. அவர்களில் பெரும்பாலோர் இடுப்பிலோ தோளிலோ சுற்றிய வெள்ளைத் துணியோடும் அடர்ந்து உயர்ந்த தலைமுடியோடும் போருக்கு வந்தவர்கள்.

ஜிப்பாவிலும் காலம் உண்டு. 1880-களின் தொடக்கத்தில் ஒட்டுகள் தாறுமாறாக இருக்கும், 1898-இல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சீருடைபோல இருக்கும். வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கி ஒட்டுகளைப் பாருங்கள்.

இன்னொன்று. பேஜாக்களின் தலைமுடியைக் கேலி செய்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த பெயரை இன்றும் பல விற்பனைப் பட்டியல்களில் பார்க்கலாம். தேடும்போது அந்தப் பெயரையும் போட வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் நோட்டிலும் பெட்டியின் மேலும் ஹடன்டோவா, அமாரார், பிஷாரின் என்று அவர்களின் சொந்தக் குலப் பெயர்களையே எழுதுங்கள். சொந்த மண்ணில் நின்று, துப்பாக்கி வரிசைக்கு நேராக ஓடி, பிரிட்டிஷ் சதுரத்தை உடைத்தவர்கள் அவர்கள். நம் மேசையிலாவது அவர்களுக்கு உரிய பெயர் இருக்கட்டும்.

3. விதிநூல் இல்லாமல் எண்ணிக்கை போடாதீர்கள்

ஒரு குழுவுக்கு எத்தனை பேர், ஒவ்வொருவரும் தனித்தனி பேஸில் (உருவத்தை ஒட்டி நிறுத்தும் சின்னத் தட்டு) நிற்க வேண்டுமா என்ற இரண்டு கேள்விக்கும் விடை விதிநூலில்தான் இருக்கிறது. 1979-இல் வந்த 'தி சோர்ட் அண்ட் தி ஃப்ளேம்' விதிகளில் காலாட்படைக் குழுவுக்கு 20 பேர். 'தி மென் ஹூ வுட் பி கிங்ஸ்' விதிகளில் பயிற்சி பெற்ற காலாட்படைக்கு 12, குலப் போராளிகளுக்கு 16. முதலில் 20 என்று வாங்கிவிட்டு அப்புறம் மற்ற விதிக்கு மாறினால் குழுவுக்கு 8 பேர் மிச்சம், அதிலும் கொடி பிடிப்பவரும் அதிகாரியும் எந்தக் குழுவுக்கு என்ற தலைவலி வேறு.

தொடங்குபவர்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன், ஆட்கள் குறைவு என்பதால் படையை முடித்துவிட முடியும். இரண்டிலுமே அடிபட்டவர்களை ஒவ்வொருவராக மேசையிலிருந்து எடுக்க வேண்டும், ஆகவே தனித்தனி பேஸ் நல்லது.

4. அளவை ஒரே ஒரு முறை தேர்ந்தெடுங்கள்

28 மி.மீ. உயர உருவம், 1/72 விகிதப் பிளாஸ்டிக், 15 மி.மீ. என்று மூன்று வழி. முகமும் உடையும் தெளிவாகத் தெரிய வேண்டும், வண்ணம் தீட்டுவதில்தான் பாதி மகிழ்ச்சி என்றால் 28. பணமும் இடமும் குறைவென்றால் 1/72, ஸ்ட்ரெலெட்ஸ் நிறுவனம் சூடானுக்கென்றே பெட்டிகள் போட்டிருக்கிறது. மேசையில் கூட்டம் கூட்டமாகத் தெரிய வேண்டும் என்றால் 15. நான் 28 வைத்திருக்கிறேன், இனி வருவதும் அதை ஒட்டித்தான்.

ஒரே 28 என்று எழுதியிருந்தாலும் எல்லா நிறுவனத்தின் உருவங்களும் ஒரே உயரம் இருக்காது. சிலர் பாதத்திலிருந்து கண்வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலைவரை. உயரத்தைவிடவும் தலை, கை, துப்பாக்கி ஆகியவற்றின் பருமன்தான் கண்ணை உறுத்தும். ஆகவே இரண்டு நிறுவனங்களைக் கலக்க வேண்டுமென்றால் ஒரு குழுவுக்குள் கலக்காதீர்கள், குழுவுக்குக் குழு மாறலாம். மேசையில் ஒரு சாண் தள்ளி நிற்கும்போது வித்தியாசம் தெரியாது.

5. கணக்கு போடுங்கள்

'தி மென் ஹூ வுட் பி கிங்ஸ்' விதிப்படி சாதாரண ஆட்டம் ஒரு பக்கத்துக்கு 24 புள்ளி. பயிற்சி பெற்ற காலாட்படைக் குழு 6 புள்ளி, குலப் போராளிக் குழு 3 புள்ளி. அதாவது நான்கு குழு பிரிட்டிஷ், 48 பேர். சதுரத்தின் நான்கு பக்கத்துக்கும் ஒவ்வொரு குழு, சரியாக அமைகிறது. எதிரே எட்டுக் குழு, 128 பேர்.

128 என்றதும் பயந்துவிடாதீர்கள். ஐந்து குழு, 80 பேர் போதும். அழிந்த குழுவை எடுத்து, இரண்டு சுற்று கழித்து மேசையின் ஓரத்திலிருந்து புதுக் குழுவாக மறுபடி இறக்குங்கள். காலனியப் போர் விளையாடுபவர்கள் பலரும் செய்வதுதான் இது. புதருக்குப் பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் உணர்வும் கிடைக்கும், வண்ணம் தீட்டும் வேலையில் சில மாதங்களும் மிச்சம்.

அபு கிளேயாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒட்டகப் படை என்ற பெயரைப் பார்த்து ஒட்டகத்தில் ஏறிய வீரர்களை வாங்கிக் குவிக்கிறார்கள். ஒட்டகம் அவர்களுக்குப் பயணத்துக்குத்தான், சண்டை போட்டது தரையில் இறங்கி. 48 பேரையும் நடை வீரர்களாக வாங்குங்கள், சதுரத்துக்குள் வைக்க உட்கார்ந்த ஒட்டகம் நான்கைந்து போதும்.

6. வாங்கும் வரிசை

முதலில் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு பாக்கெட் மட்டும். அவற்றை வண்ணம் தீட்டி முடித்த பிறகுதான் அடுத்தது. கையில் எடுத்துப் பார்க்காமல் உருவத்தின் பருமனும் வார்ப்பின் தரமும் தெரியாது, வண்ணம் தீட்டாமல் உங்கள் வேகமும் தெரியாது. மாதம் 10 பேர் முடிக்கிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்த 128 பேருக்கு (48, 80) ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணக்கு தெரிந்தவர் பெரிய பெட்டியைத் தேவைக்கு முன்னால் வாங்க மாட்டார்.

இரண்டாவது, பேஜா கூட்டம். மூன்றாவது, பிரிட்டிஷ் குழுக்கள். கடைசியில் தளபதிகள், எந்திரத் துப்பாக்கி, குதிரைப்படை. பலரும் தலைகீழாகத் தளபதியில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அந்த உருவங்கள்தான் அழகு. கை பழகாத நேரத்தில் நல்ல உருவத்தைக் கெடுத்துவிட்டு வருந்துவார்கள்.

28 மி.மீ.-இல் பெர்ரி மினியேச்சர்ஸ் நிறுவனத்தின் சூடான் வரிசைதான் பெரியது, உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டி ஆளுக்கு மலிவு, எடை குறைவு என்பதால் தபால் செலவும் குறையும், ஆனால் கை, தலை எல்லாம் நீங்களே ஒட்ட வேண்டும். உலோகம் விலை அதிகம், பெரும்பாலும் ஒட்டும் வேலை இல்லை. கூட்டத்துக்குப் பிளாஸ்டிக், தனி ஆட்களுக்கு உலோகம் என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி. ஆனால் பிளாஸ்டிக் பெட்டி எந்தக் குலத்துக்கு உரியது என்று படி 2-ஐ வைத்துச் சரிபாருங்கள். அன்சார் பெட்டி தமாய்க்கு உதவாது.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் சுங்க வரியைச் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும் 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. பார்சலைப் பொம்மை என்று வகைப்படுத்திவிட்டால் கணக்கே மாறிவிடும். வாங்கும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துவிட்டு, வரி தபால் செலவின் மேலும் விழும் என்பதையும் நினைவில் வைத்து, ஆளுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு பங்காகும், வரி பங்காகாது.

7. பெட்டி வந்ததும்

பிரிக்கும்போதே எண்ணுங்கள், படம் எடுங்கள். ஒரு தடவை எனக்கு வந்த பாக்கெட்டில் எட்டு ஈட்டிக்கு ஐந்துதான் இருந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தேன், அதற்கப்புறம் யாரிடம் கேட்பது?

பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தடவிய பொடியோ எண்ணெயோ ஒட்டியிருந்தால் பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பிடிக்காது. காய்ந்ததும் அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் ஓடும் கோட்டைச் சின்ன அரத்தால் எடுங்கள். பேஜா உருவங்களில் இது முக்கியம், வெறும் தோளிலும் முதுகிலும் அந்தக் கோடு தழும்புபோலத் தெரியும், சட்டை போட்ட உருவத்தில் மடிப்போடு மறைந்துவிடும்.

பழைய ஈய உருவங்களை இரண்டாம் கையாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் கை கழுவுங்கள், அரம் போட்ட தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

8. ஈட்டி

இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். உருவத்தோடு சேர்த்து வார்த்த மெல்லிய ஈட்டி இரண்டு ஆட்டத்தில் வளைந்து, மூன்றாவதில் ஒடிந்துவிடும். 80 பேரில் முப்பது பேராவது ஈட்டிக்காரர்கள் என்பதால் கம்பியில் செய்வதுதான் நிலைக்கும்.

0.8 மி.மீ. எஃகுக் கம்பியை 5 செ.மீ. அளவில் வெட்டுங்கள். ஒரு முனையை இரும்புக் கட்டையில் வைத்து, ஒரு செ.மீ. நீளத்துக்குச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுங்கள். ஓங்கி ஒரே அடி அடித்தால் முனை ஓரம் பிளந்துவிடும், மெதுவாகத் தட்டினால் வேப்பிலை மாதிரி விரியும். சூடான் ஈட்டியின் முனை அகலமானது, அதனால் இந்த விரிவு அப்படியே வேண்டும். பிறகு இரண்டு ஓரத்தையும் அரத்தால் இழுத்து நுனி சேருங்கள். நுனியைக் கூர்மையாக விடாதீர்கள், மேசைக்கு மேல் குனியும்போது கண்ணுக்கு நேராக நிற்கும் கம்பி அது.

உருவத்தின் கைப்பிடியை 1 மி.மீ. துளைக்கருவியால் விரலாலேயே திருகித் துளைத்து, கம்பியைச் செருகி, ஒரு துளி சூப்பர் க்ளூ. வண்ணம் தீட்டும் முன்பே செய்யுங்கள், பின்னால் செய்தால் பசை வழிந்து கை வெளுத்துப்போகும்.

9. பிரைமர்

ஸ்ப்ரே பிரைமர் ஈரக் காற்றில் பொரபொரவென்று மணல்போல் உட்காரும். சென்னை, நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள், பிரஷால் பூசும் பிரைமர் போதும். மற்ற மாதங்களில் காலை 10 மணிக்கு மேல், வெயில் ஏறிய நிழலில், திறந்த வெளியில் அடியுங்கள்.

நிறம் முக்கியம். பேஜாக்களுக்கு அடர் பழுப்பு, ஏனென்றால் உருவத்தில் பெரும்பகுதி தோல், பிரைமரே பாதி வேலையை முடித்துவிடும். பிரிட்டிஷாருக்கு வெளிர் சாம்பல். கறுப்பு பிரைமர் மேல் வெள்ளைத் துணியைத் தீட்ட முயன்று நான்கு பூச்சுக்குப் பிறகும் அழுக்காக இருக்கிறதே என்று நொந்தவர்கள் நிறைய.

10. வண்ணம்

பத்துப் பேராக எடுத்து, ஒரு நிறத்தைப் பத்துப் பேருக்கும் முடித்து, அடுத்த நிறத்துக்குப் போங்கள். இருபதுக்கு மேல் எடுத்தால் பாதியில் சலித்துவிடும்.

பேஜாக்களின் தோலுக்கு ஒரே பழுப்பைப் போடாதீர்கள். மூன்று பழுப்பு கலந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தீட்டினால்தான் தனித்தனி மனிதர்களாகத் தெரிவார்கள். துணிக்குத் தூய வெள்ளை வேண்டாம். முதலில் சந்தன நிறம், மடிப்புகளில் பழுப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்), மேட்டில் மட்டும் பால் வெள்ளை. பாலைவனத்தில் உடுத்திய துணி அப்படித்தான் இருக்கும்.

பிரிட்டிஷ் தலைக்கவசம் வெள்ளையாக வந்தது, களத்தில் தேநீரும் மண்ணும் பூசி மங்கலாக்கினார்கள், ஆகவே திட்டுத்திட்டான காவிப் பழுப்பு சரி.

பிளாக் வாட்ச் கில்ட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் மிரள்கிறார்கள். முழுவதும் அடர் நீலம். மேலே அகலமான அடர் பச்சைக் கோடுகள், குறுக்கும் நெடுக்கும். பச்சையும் பச்சையும் வெட்டும் இடத்தில் சற்றே வெளிர்ந்த பச்சைப் புள்ளி. அவ்வளவுதான், பிறகு மெல்லிய கறுப்பு வாஷ். ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் டார்ட்டன் என்ற ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணியேதான். கார்டன் ஹைலாண்டர்களுக்கு அதே கில்ட்டில் பச்சைப் பட்டையின் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. மஞ்சளில் கொஞ்சம் பழுப்பைக் கலந்துகொள்ளுங்கள், எதுவும் கலக்காத மஞ்சளைப் போட்டால் பளிச்சென்று அடிக்கும்.

11. பேஸ்

25 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) வட்டம், அடியில் மெல்லிய இரும்பு வாஷர். காந்தத் தாள் ஒட்டிய தட்டில் ஒரு குழுவை அப்படியே நகர்த்தலாம், அதே காந்தம் சேமிப்புப் பெட்டியிலும் உதவும்.

ஃபெவிகாலை நீர்விட்டுக் குழைத்துப் பூசி, தேநீர் வடிகட்டியில் சலித்த மணலைத் தூவுங்கள். கடற்கரை மணல் என்றால் மூன்று முறை கழுவிக் காயவையுங்கள், உப்பு தங்கினால் வாஷரில் துரு ஏறும். தமாய் சுற்றுப்புறம் மணலும் சரளையும் முட்புதரும். ஆகவே பச்சைப் புல் தூவாதீர்கள், காய்ந்த வேர்த்துண்டு ஒன்றிரண்டு போதும். இரண்டு பக்கப் படைக்கும் ஒரே மண் நிறம் போடுங்கள், நின்றது ஒரே தரையில்தானே.

12. வார்னிஷும் சேமிப்பும்

முதலில் பளபளப்பு வார்னிஷ், அது நன்றாகக் காய்ந்த பிறகு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். முதலாவது காப்பதற்கு, இரண்டாவது கண்ணுக்கு. மேட் ஸ்ப்ரேக்கும் மழைக்காலத்தில் அதே எச்சரிக்கைதான், பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். ஒரு வீணான உருவத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் காந்தத் தாள் ஒட்டி அதில் நிறுத்துங்கள். பழைய ஈய உருவங்களை மரப் பெட்டியில் அடைத்து வைக்க வேண்டாம். ஓக் போன்ற மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பெட்டியின் மேல் குழுவின் பெயர், ஆண்டு, பயன்படுத்திய வண்ணங்களின் பெயர் எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருடம் பத்துப் பேர் சேர்க்கும்போது அந்தச் சாம்பல் எந்தச் சாம்பல் என்று தேட வேண்டியிருக்காது.

13. இந்தப் படையை வைத்து அடுத்தது

தமாய் முடிந்ததும் பேஜாக்களை அப்படியே வைத்துக்கொண்டு 1885 மார்ச் 22, தோஃப்ரெக் போகலாம், எதிரி அதே ஒஸ்மான் டிக்னாவின் ஆட்கள்தான். எதிர்ப்பக்கம் மட்டும் மாற வேண்டும்: காக்கியில் பெர்க்ஷயர் பட்டாளம், கடற்படை மரைன்கள், இந்தியப் படைப்பிரிவுகள். அவற்றில் ஒன்று மதராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படையின் ஒரு கம்பெனி. நம் பக்கத்து ஆட்கள் என்பதால் நான் இதற்குத் தனியாகவே நேரம் எடுத்துக்கொண்டேன்.

புதர் வெட்டி முள்வேலி போட்டுக்கொண்டிருந்தபோது தாக்குதல் வந்தது, ஆகவே இவர்களில் பாதிப் பேர் கையில் கோடாரியும் மண்வெட்டியும் இருக்க வேண்டும். அதே சண்டையில் இருந்த 15-ஆவது சீக்கியப் படையின் தலைப்பாகையை இவர்கள் தலையில் வைத்துவிடாதீர்கள், அந்தக் காலப் படங்களைப் பார்த்துத் தலையை மட்டும் மாற்றுங்கள். 12 பேர் போதும். முள்வேலிக்கு நன்றாகக் காய்ந்த, கிளை நெருங்கிய சின்ன வேர்களைத் தென்னை நாரோடு பின்னி, பேஸ் மண்ணின் அதே நிறத்தைத் தொட்டும் தொடாமலும் உலர் பிரஷால் ஓட்டுங்கள். வேலியின் ஒரு பக்கத்தை முடிக்காமல் திறந்தே விடுங்கள், அன்று அது முடிந்திருக்கவில்லை.